பச்சைத் தோள் தக்காளி

தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்டுக் கை கழுவியிருக்கிறீர்களா? சோப்பு நுரை மஞ்சளும் பச்சையுமாக ஓடும். எத்தனை தேய்த்தாலும் விரல் இடுக்கில் ஒரு வாடை மட்டும் ராத்திரிச் சோறு வரைக்கும் கூடவே வரும். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் காரம். எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்கு ஆகாது. "கையை நல்லாத் தேச்சுட்டு வாடா, சட்டியத் தொடாத" என்று அடுப்படி வாசலிலேயே நிறுத்திவிடும்.

பெரியகுளத்துப் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் மாந்தோப்பு, அதில் ஒரு மரம்கூட எங்களுடையது இல்லை. எங்களுக்கு வாய்த்தது ஒரு கிணறும், அது இறைக்கிற அளவுக்குக் கொஞ்சம் செவக்காடும்தான். ஆடி பிறக்கும் முன்பே வீட்டில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். இந்தப் பட்டத்துக்கு என்ன தக்காளி போடுவது? அப்பா ஒரு கட்சி, அப்பத்தா எதிர்க்கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேராமல் வெங்காயம் உரிக்கும். நானும் தங்கச்சியும் திண்ணையில் உட்கார்ந்து, யார் குரல் உயர்கிறதோ அவர் பக்கம் தலையாட்டுவோம்.

அப்பத்தா கட்சி நாட்டுத் தக்காளி. அப்பத்தா பிறந்தது அன்னஞ்சி, தேனிக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். அங்கிருந்து கொண்டுவந்த விதையை வருசா வருசம் எடுத்து ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருக்கும். டப்பாவைத் திறந்தால் இன்னும் ரோசாப்பூ பவுடர் வாசம்தான் முதலில் வரும். விதைக்கு முதல் பறிப்புப் பழம் ஆகாது, கடைசிப் பறிப்பும் ஆகாது. நடுவில், சுருட்டை விழாத செடியாகப் பார்த்து ஒரு கந்தல் துணியைக் கட்டிவைக்கும். அந்தச் செடிப் பக்கம் நாங்கள் நடந்தாலே சத்தம் போடும். செடியிலேயே கனிந்த பழத்தை மண்சட்டியில் பிழிந்து, சாறும் விதையுமாக மூடிவைத்தால் ஒன்றிரண்டு நாளில் மேலே வெள்ளையாக ஏடு கட்டி, புளித்த வாடை திண்ணை வரைக்கும் வரும். விதையைச் சுற்றி இருக்கிற வழவழப்பு அந்தப் புளிப்பில்தான் கழலும். பிறகு தண்ணீர் விட்டு அலசினால் பொக்கு மிதந்து போகும், நல்லது அடியில் தங்கும். அதை அடுப்புச் சாம்பலில் புரட்டி, அய்யாவின் பழைய வேட்டியில் பரத்தி நிழலில் காயவைக்கும். காய்ந்த விதையைத் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். தடவியதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன்.

அப்பா கட்சி பி.கே.எம். 1. விவசாய டிப்போவில் விதையை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பி.கே.எம். என்பது பெரியகுளத்தின் சுருக்கம் என்று தெரியாமல், ஒரு ஆள் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், எம்.ஜி.ஆர். போல. கண்ணாடியும் மடித்த துண்டுமாக ஒருவர் பெரியகுளத்தில் உட்கார்ந்துகொண்டு தக்காளிக்குத் தன் பெயரை வைத்துவிட்டார் என்றும், ஒன்று வந்தால் இரண்டும் வரத்தானே வேண்டும் என்றும் காத்திருந்தேன். கடைசியில் வந்தது முருங்கை. 1989இல் அதே பெரியகுளத்திலிருந்து பி.கே.எம். 1 முருங்கையை வெளியிட்டார்கள். மனுசன் தக்காளியை விட்டுவிட்டாரே என்று எனக்கு ஏமாற்றம்தான்.

அப்பாவின் வாதம் எளிது. நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு. கூடையில் வைக்கோல் பரத்திப் பார்த்துப் பார்த்து அடுக்கினாலும், மதுரை போய்ச் சேர்வதற்குள் அடியில் இருக்கிற பழம் நசுங்கிச் சாறு ஒழுகும். கமிஷன் கடையில் கூடையைச் சாய்த்துப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். பி.கே.எம். பழம் தட்டை உருண்டை, கெட்டி, தூர ஊருக்குப் போனாலும் தாங்கும். வெட்டவெளியில் வெயில் கொளுத்தினாலும் காய்க்கும். மற்றதெல்லாம் ராத்திரி வெக்கை இறங்காவிட்டால் பூவை உதிர்த்துவிடும், பிஞ்சு பிடிக்காது. "ரசத்துக்கு நாலு பழம் போட்டாலும் புளி கேக்குதேப்பா" என்பது அப்பத்தாவின் ஒரே பதில். அந்தப் பதிலை அப்பாவால் ஒருநாளும் தாண்ட முடிந்ததில்லை.

வழக்கைத் தீர்த்துவைத்தவர் ஊருக்கு வந்த விவசாய ஆபீசர். திண்ணையில் மோர் குடித்துக்கொண்டே, "பாட்டி, இது வேற எங்கயும் இருந்து வரல. அன்னஞ்சித் தக்காளியில கொஞ்சம் மாற்றம் செஞ்சு எடுத்ததுதான்" என்றார். உண்மைதான். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர்மாற்றத்தைத் தூண்டித்தான் பி.கே.எம். 1ஐ உருவாக்கியிருந்தார்கள். அப்பத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தது. "அப்ப எங்க ஊருப் பிள்ளையின்னு சொல்லுங்க" என்றது. அந்த வருசம் அப்பா ஜெயித்தார். ஆனால் அந்தத் தக்காளி நன்றாகக் காய்த்தபோதெல்லாம் பெருமை அன்னஞ்சிக்குப் போனது, அடி வாங்கினபோது மட்டும் பழி டிப்போவுக்குப் போனது.

பி.கே.எம். பழத்துக்குக் காம்பைச் சுற்றித் தோளில் பச்சை உண்டு. பழுத்த பிறகும் லேசாக நிற்கும். மதுரைச் சித்திக்கு அதைக் கண்டாலே ஆகாது. "என்னக்கா, பாதி பழுத்ததப் பறிச்சிட்டு வந்திருக்கீங்க" என்று, தான் மார்க்கெட்டில் வாங்கின பெங்களூர்த் தக்காளியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும். உச்சி முதல் அடிவரை ஒரே சிவப்பு, கீழே போட்டால் உருளும், உடையாது. அப்பாவுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. அப்பத்தா ஒரு துண்டை நறுக்கி உப்புத் தொட்டு வாயில் போட்டது, மென்றது, எதுவும் சொல்லாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டது. 2012இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காயில் பச்சையம் சேர்க்கிற ஒரு மரபணு முடங்கிப்போனதாம். அதோடு பழத்தின் சர்க்கரையும் குறைந்துபோனதாம். படித்தபோது எனக்குச் சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. சித்திக்கு அப்போது சர்க்கரை வியாதி, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

விலை விழுந்த வருசங்களும் உண்டு. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆகிவிட்டால் எல்லோரும் செடியோடு விட்டுவிடுவார்கள். அப்பத்தா விடாது. பழத்தைப் பிளந்து உப்புப் புரட்டி மொட்டைமாடியில் பரத்தும். காக்கா விரட்டுவது என் வேலை, தின்பதும் என் வேலை. நாட்டுத் தக்காளி காய்ந்தால் தோலும் விதையுமாகச் சுருங்கிவிடும். பி.கே.எம். வத்தல் சதைப்பிடிப்பாக நின்றது. அதை அப்பத்தா வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. ஊறுகாய் ஜாடிக்குள் போட்டது என்னவோ அதைத்தான்.

ரசத்துக்கு மட்டும் தன் டப்பா விதையில் நாற்று விட்டு, கிணற்றோரம் இரண்டு வரிசை நட்டுக்கொள்ளும். அப்பாவுக்கு அது தெரியும், கேட்டதில்லை. மோட்டார் ஓடும்போது மண்வெட்டியோடு போய் முதல் தண்ணியை அந்த இரண்டு வரிசைக்குத்தான் திருப்புவார். ஏன் என்று நான் கேட்டால், "வாய்க்கால் அந்தப் பக்கமாத்தானடா வருது" என்பார்.