ஊர்களை வாழவைத்த பெருந்தெரு

ஆறு திசைமாறினால் அதன் கரையில் இருந்த ஊர் பாழாகும். தெருக்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை அறிய விரும்புவோர் அமெரிக்காவின் 66 ஆம் இலக்கப் பெருந்தெருவின் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

1926 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இத்தெரு, சிக்காகோ நகரிற் புறப்பட்டு, எட்டு மாநிலங்களை ஊடறுத்து, ஏறத்தாழ 2,400 மைல் கடந்து கலிபோர்ணியாவை அடைந்தது. 1930 களில் வறட்சியும் புழுதிப்புயலும் வாட்டியபோது, ஒக்லகோமா முதலிய இடங்களின் உழவர் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் இவ்வழியே மேற்கு நோக்கிப் பிழைப்புத் தேடிச் சென்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் விடுமுறைப் பயணிகள் திரள்திரளாக வந்தனர்.

மோட்டாரிற் செல்பவனுக்கு நகர நடுவிலுள்ள ஹோட்டல் வசதியன்று. வண்டியை அறைவாயிலிலேயே நிறுத்தக்கூடிய தங்குமிடம் அவனுக்கு வேண்டும். மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களும் இணைந்து மோட்டல் என்ற பெயர் பிறந்த காரணம் இதுவே. விரைந்து செல்பவனின் கண்ணைத் தொலைவிலேயே கவர்தல் வேண்டுமன்றோ? ஆகவே ஒருவரையொருவர் விஞ்சும் வண்ணம் விளம்பரப் பலகைகளை உயர்த்தினர். நியூ மெக்சிக்கோவின் துக்கும்காரி என்னும் ஊரில் 1939 இல் எழுந்த நீலத் தகைவிலான் மோட்டலின் முகப்பிலே, நியோன் விளக்காலான பறவையொன்று இன்றும் இரவில் ஒளிர்கின்றது. அரிசோனாவின் ஹோல்புறூக்கில் 1950 இல் ஒருவர் பழங்குடியினரின் கூடாரம் போன்று பதினைந்து சீமெந்துக் கூம்புகளைக் கட்டினார். ஒவ்வொரு கூம்பினுள்ளும் கட்டிலும் குளியலறையும் உண்டு. அதனுள் ஓரிரவு துயில்வதற்கென்றே சிறுவர்கள் பெற்றோரை நச்சரித்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், 'இடமுண்டு' என ஒளிர்ந்த விளக்குகள் எல்லோரையும் அழைக்கவில்லை. கறுப்பின மக்களுக்குப் பல மோட்டல்கள் கதவடைத்தன. இருட்டுமுன் அவர்கள் வெளியேறவேண்டுமென்ற ஊர்களும் இருந்தன. எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம் என்று அவர்களுக்கு அறிவிக்க, நியூயோர்க்கின் தபாற்சேவகர் விக்டர் கிறீன் 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அத்தகைய நூலொன்று தேவைப்பட்டதே அந்நாட்டின் பெருங்குறை. 1964 ஆம் ஆண்டுச் சட்டமே அக்கதவுகளைத் திறந்தது.

இதற்கிடையில் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாநிலங்களை இணைக்கும் விரைவுப் பெருந்தெருக்கள் எழலாயின. அவை சிற்றூர்களுள் நுழையாது ஒதுங்கிச் சென்றன. ஹோல்புறூக்கின் கூம்பு மோட்டல் 1974 இல் மூடப்பட்டது. 1978 இல் அரிசோனாவின் செலிக்மன் ஊரைப் புதுத்தெரு விலக்கிச் சென்றதும், ஓயாது ஓடிய வண்டிகளின் ஓசை ஒரே நாளில் அடங்கிற்று. பெற்றோல் நிலையங்களும் உணவுச்சாலைகளும் வெறிச்சோடின. 1985 இல் 66 என்னும் இலக்கமே நீக்கப்பட்டது.

கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால், செலிக்மனில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய ஏஞ்சல் டெல்கடியோ என்பவர் வாளாவிருக்கவில்லை. ஊராரைக் கூட்டி 1987 இல் சங்கமொன்றை அமைத்து, பழைய தெருவை வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கும்படி மாநில அரசை இணங்கவைத்தார். மறு ஆண்டில் ஹோல்புறூக்கின் கூம்புகளும் திறக்கப்பட்டன. பிற மாநிலத்தாரும் அவர் வழியைப் பின்பற்றினர். இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அப்பழைய தெருவைத் தேடி வருகின்றனர்.

புதுத்தெருக்கள் வேண்டாமென்பார் எவருமிலர். அவற்றால் நேரமும் உயிரும் காக்கப்படுகின்றன. ஆயினும், வரைபடத்திலே நேர்கோடு ஒன்றை இழுப்பவர், அக்கோடு எந்தெந்த ஊர்களை விலக்கிச் செல்கின்றது என்பதையும், அவ்வூரார் நாளை எதனால் வாழ்வர் என்பதையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செலிக்மனுக்கு ஒரு டெல்கடியோ இருந்தார். எல்லா ஊர்களுக்கும் அத்தகைய ஒருவர் வாய்ப்பதில்லை.