தோட்டம் என்றொரு முகவரி

கொழும்பிலே தோட்டம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் வழங்குகின்றன. கறுவாத்தோட்டம் என்றால் கொழும்பு 7. தூதரகங்கள், நிழல் மரங்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டாத உயர்ந்த மதில்கள். ஆனால் கிராண்ட்பாஸ், மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கங்களில் ஒருவர் "தோட்டத்தில் இருக்கிறார்" என்று சொன்னால், பொதுக் குழாயும் பொதுக் கழிவறையுமாக, வாசலுக்கு வாசல் முட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகள் என்று பொருள். சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். முதலாவது தோட்டத்தவர் தமது முகவரியை அட்டையில் அச்சடித்து வைத்திருப்பார். இரண்டாவது தோட்டத்துப் பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மாமாவின் விலாசத்தை எழுதுவான்.

ஒல்லாந்தர் 1769இல் மருதானையில் கறுவாப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்த நிலம் துண்டு துண்டாகச் செல்வந்தர் கைக்கு மாறியது. அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்' வார்ட் பிளேஸிலேதான் இருந்தது. கறுவாத்தோட்டத்துக்குள் நுழைய இனமோ மதமோ பெரிய தடையாக இருக்கவில்லை. பணமும் ஆங்கிலமும் போதுமாயிருந்தன. துறைமுகம் பெருத்து, வடக்குப் பகுதியில் புகையும் இரைச்சலும் கூடியபோது, அங்கே வளவு வீடுகளில் வாழ்ந்த கனவான்கள் தெற்கே நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளுக்குள்ளே தொழிலாளருக்கென வரிசை வீடுகள் எழுந்தன.

இந்த ஏற்பாட்டை ஒருமுறை சட்டம் அசைத்துப் பார்த்தது. 1972இன் வாடகைச் சட்டமும் 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வந்தபோது வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன். அளவுக்கு மிஞ்சிய வீடுகள் அரசிடம் போயின. வாடகைக்கு இருந்தவர்கள் பலர் உரிமையாளரானார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் இன்றுவரை அந்தச் சட்டங்களைச் சபிக்கிறார்கள். வாடகை இருப்போரைப் பாதுகாத்த சட்டம், புதிதாக வாடகைக்கு விடுவோரைப் பயமுறுத்தியது என்பதும் உண்மைதான். ஆயினும் இந்த நகரத்தில் ஏழை ஒருவனுக்குக் கையில் ஓர் உறுதி கிடைத்த காலம் அதுவொன்றே என்பது என் எண்ணம்.

நான் தொழில் பழகிய பத்திரிகைக் காரியாலயம் கிராண்ட்பாஸில் இருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கும் காலம். எங்கள் அச்சுக்கோப்பாளர் ஒருவர் அருகிலிருந்த தோட்டமொன்றில் குடியிருந்தார். இரவு ஒரு மணிக்குக் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். "தம்பி, பஸ் காசு இல்லாத உத்தியோகம் என்னுடையது" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி அதிகாலையில் வாசலிலே இடியப்பம் விற்பார். காசு இல்லாதவர்கள் கொப்பியில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தக் குடும்பம் அவர் சம்பளத்தில் வாழவில்லை; அவர் இருந்த இடத்தில் வாழ்ந்தது.

இதை நகரைத் திட்டமிடுகிறவர்கள் எப்போதாவது கணக்கில் எடுத்தார்களா தெரியவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் கொழும்பின் தோட்டங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்த சுமார் 70,000 குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் திட்டம் வந்தது. மாற்றப்பட்டவர்களில் பலரிடம் முதலில் ஓர் இலட்சம் ரூபாவும், பின்னர் மாதம் 3,960 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கும் கேட்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். கொம்பனித்தெருவில் உறுதியோடு இருந்தவர்களும் இடம்பெயர்க்கப்பட்டார்கள்.

ஒழுகாத கூரையையும், வீட்டுக்குள்ளேயே அமைந்த கழிவறையையும் நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பொதுக் கழிவறைக்கு விடியுமுன் வரிசையில் நின்ற பெண்களுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும். ஆனால் நாளாந்தம் உழைப்பவனுடைய வாழ்க்கை நாட்கணக்கில் ஓடுவது. அன்றைக்கு உழைத்ததில் அன்றைக்கு அரிசி, அன்றைக்கு மண்ணெண்ணெய். மழை பெய்து வேலை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி. தொடர்மாடி வாழ்க்கையோ மாதக்கணக்கில் ஓடுகிறது. தவணைப் பணம், மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் திகதி தவறாமல் வந்து நிற்கும். தொகை சிறிதாகவே இருக்கலாம். ஆனால் மாத முடிவில் கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பது மாதச் சம்பளக்காரரின் பழக்கம். அச்சுக்கோப்பாளரின் மகள் இன்று அப்படியான கட்டிடமொன்றின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். தாயாரின் கைப்பக்குவம் அவருக்கும் உண்டு. ஆனால் ஒன்பதாம் மாடிக்கு ஏறிவந்து இடியப்பம் வாங்குவார் யார்?

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்கள், இது யாரோ அரசாங்கத்துக்கும் யாரோ ஏழைகளுக்கும் இடையிலான விவகாரம் என்று நினைக்கக்கூடும். எனவே வெள்ளவத்தைக்கு வருகிறேன். ஹவ்லொக் வீதியில் இருந்த நூற்பு நெசவு ஆலையில் 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. அந்தக் காணியில் இன்று ஹவ்லொக் சிட்டி நிற்கிறது. அது போகட்டும். காலி வீதியின் இருபுறமும் உள்ள ஒழுங்கைகளில் தொடர்மாடிகளை நிறைத்தவர்கள் நாங்கள். 1983இல் எரிந்த வீடுகளின் இடத்திலும், 1995 இடப்பெயர்வுக்குப் பின் வந்தவர்களுக்காகவும் அவை எழுந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பணம் அவற்றின் விலையைத் தீர்மானித்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியபோது, டொலரில் உழைத்தவருக்கு அவை மலிந்தன. இங்கே சம்பளம் எடுப்பவருக்கு எட்டாமற் போயின. கடற்கரைப் பக்கம் ஒரு விலை, மற்றப் பக்கம் ஒரு விலை. வாடகையையாவது சமாளிக்கலாம்; ஒரு வருட முற்பணம் கேட்டால் ஆசிரியர் ஒருவர் எங்கே போவார்?

2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியதையும் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். அன்று ஏற்றப்பட்டவர்கள் விடுதி அறைகளில் தங்கியிருந்தவர்கள். சொந்தத் தொடர்மாடி உள்ளவர் எவரும் அந்தப் பஸ்களில் ஏற்றப்படவில்லை.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர். நல்ல சம்பளம். அண்மையில் வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடொன்றைப் பார்த்தார். முற்பணமும் தயாராக வைத்திருந்தார். வீட்டுக்காரர் ரொறன்ரோவில். அவருடைய உறவினர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வீட்டைக் காட்டினார்.

"தம்பிக்குச் சொந்த இடம் எது?"

"ஹட்டன், ஐயா."

தொலைபேசியில் ஏதோ கேட்கப்பட்டது. உறவினர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஹட்டன் டவுனோ, தோட்டமோ?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அவர் இப்போது வத்தளையில் இருக்கிறார். காலையில் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார்.