கேட்கிறதை நிப்பாட்டினால் போதுமோ?

உடுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து நாங்கள் மூன்று பேர், வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினிகளைப் பராமரிக்கிறோம். பாவிக்கிறது மைக்ரோசொஃப்டின் கன்ஃபிகரேஷன் மனேஜர். 2007க்கு முதல் அதின்ர பேர் சிஸ்டம்ஸ் மனேஜ்மென்ற் சேர்வர். ஒவ்வொரு கணினியிலும் என்ன இருக்கு எண்டு அது கேட்டு, பதிலைத் தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கும். கேட்கவேண்டிய விடயம் ஒவ்வொன்றையும் 'கிளாஸ்' என்பார்கள். அதில் இல்லாத ஒன்று வேணுமெண்டால் நாங்களே வரையறுத்துச் சேர்க்கலாம்.

கொரோனாக் காலத்தில் அப்படி ஒன்றைச் சேர்த்தோம்: மடிக்கணினி ஆரிட்ட இருக்கு, அவரின்ர வீட்டு முகவரி, கைபேசி இலக்கம். எல்லாரும் அலுவலகம் திரும்பின பிறகு அதை எடுத்துவிடச் சொன்னார்கள். கிளாஸுக்கு முன்னால் இருந்த 'டிக்'கை எடுத்தோம். 'முடிஞ்சுது' எண்டு மின்னஞ்சலும் அனுப்பினோம்.

சில கிழமைக்குப் பிறகு வேற அலுவலா ஒரு அறிக்கை எடுக்கேக்க, அத்தனை முகவரியும் அப்பிடியே வந்து நிண்டுது.

'டிக்'கை எடுத்தால் சேர்வர் கேட்கிறதை நிப்பாட்டும், அவ்வளவுதான். மாற்றங்களின் பழைய வரலாறு, வழமையான அமைப்பில், 90 நாளுக்குப் பிறகு தானாகவே அழியும். கடைசியாய்ச் சொன்ன பதில் மட்டும் அசையாமல் கிடக்கும்.

விறாந்தையில் இதைக் கதைச்சுக்கொண்டிருக்க, எங்களில் ஒருத்தியின் அம்மா தேத்தண்ணியோட வந்து கேட்டா: "அப்ப நாங்கள் ஆமிக்கு எழுதிக் குடுத்ததும் இன்னும் எங்கயோ கிடக்குமோ?"

வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதிக் குடுத்த பட்டியலைத்தான் சொன்னா. போர் முடிஞ்ச பிறகும் யாழ்ப்பாணத்தில் அந்தப் பதிவு நடந்தது. 2011இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு, பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு சொன்னது. நிறுத்துவது ஒன்று, அழிப்பது இன்னொன்று. அம்மாவுக்கு எங்களால் பதில் சொல்ல முடியேல்லை.

எங்கட கையில் இருந்ததையாவது ஒழுங்காச் செய்வம் எண்டு இருந்தோம். முதலில், அந்தக் கிளாஸை நம்பியிருந்த அறிக்கைகளைத் தேடித் திருத்தினோம். இல்லாட்டி அதெல்லாம் முறியும். பிறகு வரையறையையே அழித்தோம். அதோட தரவுத்தளத்தில் இருந்த பதில்களும் போகும், திரும்ப வராது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் இதுக்கெண்டு தனிக் கருவி ஒன்றை ஓட்டவேண்டியிருந்தது. அடுத்தது, ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் மிச்சமிருந்த கிளாஸை எடுக்க, அழிக்கச் சொல்லும் வரியைச் சேர்வரின் அமைப்புக் கோப்பில் எழுதி அனுப்பினோம். கடைசியா, எக்ஸெல்லில் இறக்கி வைத்த பிரதிகள். எங்கட கணினிகளிலேயே இரண்டு இருந்தது.

பிறகு இரண்டாவது மின்னஞ்சல் எழுதினோம். முதல் எழுதினது பிழை எண்டும், இடையில் அந்த முகவரிகள் எங்கெங்கே கிடந்தன எண்டும், பழைய காப்புப் பிரதிகளில் இன்னும் இருக்கு எண்டும், அவை காலாவதியாகும் வரை ஆரும் திறக்கக்கூடாது எண்டும். எழுத வெக்கமாத்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு ஒருவரும் எழுதாத கடிதம் அது.