ஒற்றைக் காது இயர்போனும் ஆறு மதிப்பெண்களும்

தர்மபுரி மாவட்டத்தில் பாட்டு கேட்க மூன்று இடம் உண்டு. பஸ், டீக்கடை, மாரியம்மன் பண்டிகை மைக்செட். மூன்றிலும் எந்தப் பாட்டு ஓடும் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தர்மபுரிக்கு தினமும் வந்து போகும் அந்த பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவன் இயர்போன் வாங்கினான். வாங்கிய இரண்டாவது மாதமே இடது பக்கம் செத்துப் போனது. அதனால் என்ன, ஃபோனில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் வந்து விழும்.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் தாராளமாக முடியும். ராகம், தாளம் எதுவும் தெரியாது. ஆனால் கருத்துக்குப் பஞ்சமில்லை!

ஒரே ஒரு சிக்கல். பக்கத்து சீட் நண்பன் "என்னடா கேக்குற, எனக்கும் போடு" என்றால் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும், பஸ்ஸே கேட்கும். ஆகவே அவன் மதிப்பெண் பட்டியலில் ஒரு கூடுதல் கேள்வி உண்டு: ஸ்பீக்கரில் போடலாமா?

கூலி (2025, அனிருத்): 'மோனிகா' பாட்டை சௌபின் ஷாகிரின் ஆட்டம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். பாதிதான் மிஞ்சுகிறதாம். அனிருத் தியேட்டருக்காகப் பாட்டு போடுகிறார், பஸ்ஸுக்காக இல்லை என்பது அவன் கட்சி. 'சிகிட்டு'வில் டி.ராஜேந்தர் குரல் வரும் இடம் மட்டும் விதிவிலக்கு. அந்த மனிதர் பாடினால் வேறு வாத்தியமே வேண்டாம். மதிப்பெண் 6. ஸ்பீக்கரில் தாராளமாகப் போடலாம்.

தக் லைஃப் (2025, ஏ.ஆர்.ரஹ்மான்): ஆல்பத்தில் 'முத்த மழை'யைப் பாடியவர் தீ. அந்த மே மாதம் சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு விழாவுக்கு அவர் வர முடியாததால் மேடையில் சின்மயி பாடினார். அவ்வளவுதான், தீயா சின்மயியா என்று ஊரே இரண்டு கட்சியானது. படம் வந்தது. படத்தில் அந்தப் பாட்டே இல்லை. இரண்டு கட்சிக்கும் டெபாசிட் காலி!

இந்த விஷயத்தில் அவன் சொல்வது கொஞ்சம் யோசிக்க வைக்கும். சின்மயி நன்றாகப் பாடினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2018-ல் மீ டூ புகார் சொன்ன பிறகு தமிழில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்துபோயின. அத்தனை வருடம் கேட்காத குரல் திடீரென்று கேட்டதும் வந்த கைதட்டலில் பாட்டுக்கு எவ்வளவு, விட்டுப்போன வருடங்களுக்கு எவ்வளவு? இதில் தீயைக் குறை சொல்வது அநியாயம் என்கிறான். மதிப்பெண் 7. ஸ்பீக்கரில் போடலாம், சண்டை நிச்சயம்.

சாய் அபயங்கர்: 2024-ல் வந்த 'கட்சி சேர', 'ஆச கூட' இரண்டும் தனிப்பாடல்கள், ஆல்பம் கிடையாது. 2025-ல் வந்த 'டியூட்' முழு ஆல்பம். முதல் தடவை கேட்கும்போதே வாய் முணுமுணுக்கிறது, பத்தாவது தடவையும் அதே இடத்தில்தான் முணுமுணுக்கிறது. புதிதாக எதுவும் திறப்பதில்லை. சின்ன வயசு, இன்னும் வருவார் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு 5.5 போட்டான். 'ஊரும் பிளட்'டுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை, பஸ்ஸில் அதுதான் ஏற்கெனவே ஓடுகிறது.

விடுதலை பாகம் 1 (2023, இளையராஜா): இதற்குத்தான் அவன் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கதை நடக்கும் மாவட்டத்தின் பெயர் அருமபுரி. ஒரே ஒரு எழுத்து மாற்றினால் எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் கற்பனைதான். ஆனால் அரூர் பக்கத்துப் பையனால் அந்த விசாரணைக் காட்சிகளைக் கற்பனையாகப் பார்க்க முடியவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தபோது 2011 ஆகிவிட்டது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல், படம் வெளிவந்து ஆறு மாதம் கழித்து.

இப்போது பாட்டுக்கு வருவோம். தனுஷும் அனன்யா பட்டும் பாடிய 'ஒன்னோட நடந்தா', ராஜாவும் அனன்யா பட்டும் பாடிய 'காட்டுமல்லி' இரண்டும் அழகு. அந்த அழகுதான் அவனுக்கு உறுத்தியது. இந்தக் கதைக்கு இவ்வளவு இனிமை எதற்கு? ஒரு வாரம் கேட்ட பிறகு அவனே ஒரு பதில் சொன்னான்: அந்த மலையில் அதற்கு முந்தின நாள் வரை காதலும் மல்லியும் இருந்திருக்கும் இல்லையா, பாட்டு அந்த முந்தின நாளைப் பற்றியது. மதிப்பெண் 9. ஸ்பீக்கரில் போடலாம். பாதிப் பேர் காதல் பாட்டு என்று கேட்பார்கள்.

வள்ளியம்மா பேராண்டி (2024, அறிவு): 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது ஆடாத கல்யாண வீடு கிடையாது. அதன் கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாவிடமிருந்து வந்தது. அந்தப் பாட்டியின் பெயரில்தான் இந்த ஆல்பம். குறை இருக்கிறது. சில பாட்டுகளில் வரிகள் மூச்சு விட இடம் தருவதில்லை, மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் 'சிகிட்டு'வில் ரஜினிக்காக எழுதியதும் இதே கைதான், அங்கே சொல்லாததை எல்லாம் இங்கே சொல்கிறார். மதிப்பெண் 8.

ஸ்பீக்கரில்? போடமாட்டான். யாரும் அடிக்க வரப்போவதில்லை. ஆனால் பேச்சு சட்டென்று நிற்கும். அப்புறம் "தம்பி எந்த ஊரு?" என்று ஒருவர் கேட்பார். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. பாட்டி பாட்டாக எஞ்சாமிக்கு ஆடியவர்கள்தான் பஸ்ஸிலும் இருக்கிறார்கள். பேராண்டி அதே விஷயத்தைப் பெயர் சொல்லிப் பேசினால் மட்டும் காது கூசுகிறது.

நண்பன் ஒருநாள் விடாமல் கேட்டான். இவன் ஸ்பீக்கரில் போடவில்லை. வேலை செய்யும் அந்த ஒற்றை இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நண்பன் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும், "நேத்து ரெண்டாவதா ஓடுச்சே, அது பேரு என்னடா?" என்றான்.

மெய்யழகன் (2024, கோவிந்த் வசந்தா): கமல்ஹாசன் இரண்டு பாட்டு பாடியிருக்கிறார். வயதான குரலில் இருக்கும் நடுக்கத்தைத் திருத்தாமல் விட்டதற்கே தனி மார்க். தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவனின் கதை என்றாலும், ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தர்மபுரி வீடுகளுக்கும் பொருந்துகிறது. சில இடங்களில் வயலின் அழு அழு என்று கேட்கிறதாம், அதற்கு அரை மார்க் குறைத்து 8.5. அடுத்த வருடம் படிப்பு முடிந்து அவனும் ஓசூர் போக வேண்டியிருக்கும். இதை மட்டும் ஸ்பீக்கரில் வீட்டிலேயே போட்டான். அவன் ஆயா முழுசாகக் கேட்டுவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டது.