பிபிஎஸ் கால் எங்கே?

ஜிபிஎஸ் மாட்யூல் வாங்க யோசனை கேட்டு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் துல்லியம் சார்?" என்றுதான். கடிகாரம் செய்பவருக்கு அது வேண்டாத கேள்வி. போர்டைத் திருப்பி, பிபிஎஸ் கால் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு ஒருமுறை அதில் எழும் பல்ஸின் விளிம்புதான் நமக்குச் சரக்கு. சீரியலில் வரும் செய்தி எந்த நொடி என்று மட்டும் சொல்லும். அது பல்ஸுக்குப் பின்னால்தான் வரும், அதுவும் ஒரே சீராக வராது.

மலிவான நீல நியோ-6எம் போர்டுகளில் பல, பிபிஎஸ்ஸை எல்இடியோடு நிறுத்திவிடும். எல்இடிக்குப் போகும் ரெசிஸ்டரில், மாட்யூல் பக்கத்து முனையிலிருந்து மெல்லிய வயர் எடுக்கலாம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் டிவி மெக்கானிக். கண்டினியூட்டி பார்க்காமல் அயர்னைத் தொட மாட்டார். கொஞ்சம் ஃபிளக்ஸ், முனை பட்டதும் எடு. அதற்குமேல் வைத்தால் பேட் உரிந்து கையோடு வரும் என்பார். இன்றும் அந்த ரெசிஸ்டரில் கை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ராஸ்பெரி பையில் என்டிபி சர்வர் போட 6எம் தாராளம். 10 மெகாஹெர்ட்ஸ் ஓவன் கிரிஸ்டலைப் பூட்டுவது வேறு சங்கதி. மாட்யூல் தன் உள் கிளாக்கின் விளிம்பில்தான் பல்ஸை விட முடியும். 6எம்மில் அந்தப் படி 21 நானோ நொடி. பல்ஸ் முன்னும் பின்னும் ரம்பப் பல்லாக ஆடும். சில சமயம் ஒரே பக்கமாக நெடுநேரம் நின்றுவிடும், அப்போது சராசரி எடுத்தும் பயனில்லை. எம்8டி போன்ற டைமிங் வகை, அடுத்த பல்ஸ் எவ்வளவு பிசகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும், நாம் கழித்துக்கொள்ளலாம். இருக்கும் இடத்தை சர்வே செய்து பூட்டிவிட்டால், ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கிடைக்கும். அந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

அதற்கு முன் ஆண்டெனாவுக்குச் செலவழியுங்கள். ஜன்னலோரம் வைத்த எம்8டியைவிட மொட்டைமாடிக் குழாயில், நாலாபக்கமும் வானம் தெரிய நிற்கும் 6எம்மைத்தான் நம்புவேன். கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ நொடி தின்னும். அதை செட்டிங்கில் போடுமுன், இந்த யூ-பிளாக்ஸ் மாட்யூல்களில் ஏற்கெனவே 50 நானோ நொடி இருக்கும் என்பது ஞாபகமிருக்கட்டும்.

ஒரு தம்பியின் கடிகாரம் ஆன் செய்ததும் மூன்று நொடி முந்தி ஓடி, பிறகு தானே திருந்தும். புரோகிராமை எத்தனையோ தடவை மாற்றி எழுதிப் பார்த்திருந்தார். 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் யூடிசியைவிட 18 நொடி முன்னால். அந்தக் கணக்கு வானத்திலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்; அதுவரை பழைய மாட்யூல் தன் பழைய கணக்கையே கழிக்கும். "கால் மணி நேரம் சும்மா விடுங்க தம்பி" என்றேன். புரோகிராமில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

செகண்ட் ஹேண்டில் டிரிம்பிள் தண்டர்போல்ட் என்ற ஜிபிஎஸ் கடிகாரம் கிடைத்தால், தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது என்று ஒதுக்காதீர்கள். வார எண் 1024-இல் சுற்றி முதலுக்கு வந்ததன் விளைவு அது. பல்ஸும் 10 மெகாஹெர்ட்ஸும் கெடவில்லை. தேதியோடு 1024 வாரம் கூட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.