குசுக்கோ நகரின் பழைய திருவிடங்கள்

பழம்பதிகளைக் காணச் செல்வோர் இருதிறத்தர். கண்ட இடங்களை எண்ணிக்கொண்டு மீள்வோர் ஒரு திறத்தர். கண்ட இடம் யாது கருதி எழுந்தது என வினவி நிற்போர் மற்றொரு திறத்தர். இவ்விரு திறத்தாரையும் ஒரே வண்டியிலேற்றி, ஐந்து பழைய இடங்களை அரை நாளிற் காட்டி மீட்டுவரும் சுற்றுலா, தென்னமெரிக்காவில் பெரு தேசத்துக் குசுக்கோ நகரில் நாடோறும் நடைபெறுகின்றது. அச்சுற்றிற் கண்ணுக்குப் புலனாவன யாவை, கருத்துக்குப் புலனாகாது ஒழிவன யாவை என ஆராய்தல் சமயவுணர்வுடையார்க்குப் பெரிதும் பயன்படுவதாம்.

குசுக்கோ, அந்தீசு மலைத்தொடரின்கண், கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சமவெளியினின்று புதிதாக அங்குச் செல்வோர்க்கு மூச்சு முட்டும், தலை நோவும். கொக்கா இலையிட்டுக் காய்ச்சிய நீரை அருந்தி, மெல்ல நடத்தலே அவ்வூரார் கூறும் பரிகாரம். இன்கா மன்னர் நாற்றிசையினும் பரப்பிய பேரரசுக்கு அந்நகரே தலைநகராய் விளங்கிற்று. 1533-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இசுபானியர் அதனுட் புகுந்தனர்.

வழிகாட்டி முதற்கண் அழைத்துச் செல்லும் இடம் கொரிகாஞ்சா. பொன் வளாகம் என்பது அப்பெயரின் பொருள். இன்டி எனப்படும் ஞாயிற்றுத் தெய்வத்தின் தலைமைக் கோயில் அது. அதன் சுவர்கள் பொற்றகடு போர்த்தப்பெற்றிருந்தன. இன்கா மன்னன் அதாவல்பாவைச் சிறைப்பிடித்த இசுபானியர், அவனை விடுவித்தற்கு ஓர் அறை நிறையப் பொன்னும் இருமடங்கு வெள்ளியும் பெறுவதாக உடன்பட்டனர். அதன்பொருட்டு இக்கோயிலின் தகடுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. பொன்னைப் பெற்ற பின்னரும் 1533-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அம்மன்னனைக் கொன்றனர். பின்பு அக்கோயிற் சுவர்களின்மேலேயே தொமினிக்குத் துறவியர் தம் மடத்தையும் தேவாலயத்தையும் எடுத்தனர். 1650-ஆம் ஆண்டிலும் 1950-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த பெரு நிலநடுக்கங்களில் மேலே எடுத்த கட்டடம் பெரிதும் சிதைந்தது. கீழிருந்த இன்காச் சுவர்களோ நிலைபெற்றன. சாந்து சிறிதும் இன்றிக் கல்லோடு கல் பொருந்த இழைத்து, உட்புறம் சற்றே சாய்த்து அடுக்கியதனால், நிலம் அசையுங்கால் கற்களும் உடனசைந்து மீண்டும் தத்தம் இடத்தில் அமைகின்றன. பொன்னே அக்கோயில் என்று கருதியோர் பொன்னைக் கொண்டு சென்றனர். கோயிலைக் கொண்டு செல்ல அவர்க்கு இயலவில்லை.

அடுத்துக் காண்பது நகருக்கு மேலே வடபால் உயர்ந்த சக்சைவாமன். மூன்று படிநிலைகளாக, வாளின் பற்கள்போல் வளைந்து வளைந்து செல்லும் அம்மதில்களில் உள்ள பெருங்கற்களுட் சில 100 டன்னுக்கும் மேற்பட்ட நிறையுடையன. 1536-ஆம் ஆண்டில் மாங்கோ இன்கா தன் நகரை மீட்கப் படையெடுத்தபோது கடும்போர் நிகழ்ந்த களமும் இதுவே. அதன் பின்னர், இங்கிருந்த சிறு கற்கள் யாவும் நகரில் வீடும் தேவாலயமும் கட்டுதற்கு எடுத்துச் செல்லப்பட்டன. இன்று காண்போர் வியக்கும் கற்கள், பெயர்க்க இயலாமையால் எஞ்சியவை என்க.

இக்கற்களைக் கண்டோர் கூறும் கதைகள் பல. இசுபானியத் தந்தைக்கும் இன்கா அரசகுலத் தாய்க்கும் 1539-ஆம் ஆண்டில் குசுக்கோவிற் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா, 1609-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், இவை மாந்தர் செய்தனவாகத் தோன்றாமற் பேய்கள் செய்தனபோல் தோன்றும் என வியந்தெழுதினார். இக்காலத்தாரோ வேற்றுலகத்தார் வந்து செய்தனர் என்பர். இரண்டும் வியப்பின் விளைவே. ஆயினும் இரண்டாவது கூற்று உழைத்தாரின் உரிமையைக் கவர்வதாகும். 1550-ஆம் ஆண்டில் அந்நகரைக் கண்ட சியேசா தெ லியோன் என்பார், 20,000 ஆடவர் முறை வைத்து இப்பணி செய்தனர் என்றும், அவருள் 4,000 பேர் கல் வெட்ட, 6,000 பேர் பெருவடங்களாற் கட்டி இழுத்தனர் என்றும் எழுதிவைத்தார். இரும்பறியாத அம்மக்கள் வன்கல்லைச் சம்மட்டியாகக் கொண்டு கல்லைக் கொத்திப் பொருத்தக்கூடும் என்பதனைச் சான் பியர் புரோட்சன் என்னும் கட்டடக்கலை அறிஞர் தாமே செய்து பார்த்து 1985-ஆம் ஆண்டில் விளக்கினார். பெயர் தெரியாத பல்லாயிரவர் கைவருந்திச் செய்த பணியைப் பேய்க்கும் வேற்றுலகத்தார்க்கும் உரியதாக்குதல், கோயிலின் பொன்னைப் பெயர்த்ததினும் சிறிய குற்றமன்று.

மூன்றாவதாகிய கென்கோ, இயற்கைப் பாறையையே செதுக்கி அமைத்த இடம். வளைந்து வளைந்து செல்வது என்பது அச்சொல்லின் பொருள். பாறையின்மேல் அவ்வாறு வளைந்தோடும் சிறு கால்வாய் உளது. சோளத்தினின்று வடிக்கும் சிச்சா என்னும் பானத்தை அதன்வழி வார்த்து வழிபட்டனர் என்பர். பாறையின் அடியில் ஓர் அறையும் மேடையும் உள. இவ்விடத்திலேதான் இன்கா மக்களின் சமயக் கருத்து நன்கு விளங்கும். தூய்மை பெற்ற பொருள் எதனையும் அவர் வாக்கா என அழைத்தனர். பாறை, ஊற்று, மலை, முன்னோர் உடல் ஆகிய யாவும் வாக்கா எனப்படும்.

அதன்பின் புக்கா புக்காரா என்னும் செங்கோட்டையைக் கடந்து, தம்போமச்சாய் சேர்வர். செவ்வையாக அடுக்கிய கற்சுவரின் நடுவே ஊற்றுநீர் கற்கால்வாய் வழியாக இழிந்து, ஈரருவியாய்ப் பிரிந்து வீழ்கின்றது. கட்டினோர் மறைந்து ஐந்நூறாண்டு சென்றும் அந்நீர் வற்றிற்றில்லை. தீர்த்தத்தின் பெருமை அறிந்தார்க்கு இவ்விடத்தில் விளக்கம் வேண்டுவதில்லை.

இங்ஙனம் காட்டப்பெறும் இடங்கள் ஐந்து. ஆனால் குசுக்கோவைச் சூழ 300-க்கும் மேற்பட்ட வாக்காக்கள் இருந்தன. பெர்னாபே கோபோ என்னும் பாதிரியார் 1653-ஆம் ஆண்டில் முடித்த நூலில் அவற்றின் பட்டியல் காணப்படும். அவை கொரிகாஞ்சாவினின்று கதிர்கள்போற் பரந்த 41 வரிசைகளில் அமைந்திருந்தன. ஒவ்வொரு வரிசையும் பேணுதற்குரிய குடியினர் வகுக்கப்பெற்றிருந்தனர். கோயிலை நடுவாகக் கொண்டு நிலம் முழுவதும் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. வண்டியிற் சென்று ஐந்திடங்களைத் தனித்தனியே காண்பார்க்கு இவ்வியைபு புலப்படாது. மணிகளைக் கண்டு மாலையைக் காணாதார் நிலையே அவர் நிலை.

வழிகாட்டிகள் பெரும்பாலும் இறந்தகாலத்தாற் பேசுவர். வழிபட்டனர், வார்த்தனர், கொண்டாடினர் என்பர். அச்சொற்கள் முற்றும் உண்மையல்ல. 1572-ஆம் ஆண்டில் இசுபானிய ஆளுநரால் தடுக்கப்பட்ட இன்டி ரைமி என்னும் ஞாயிற்று விழா, கார்சிலாசோவின் நூலைத் துணைக்கொண்டு 1944-ஆம் ஆண்டில் மீண்டும் எடுக்கப்பெற்று, ஆண்டுதோறும் சூன் 24-ஆம் நாள் நிகழ்கின்றது. அது காண்போர் பொருட்டு நடிக்கும் கூத்தே எனக் குறைகூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மை ஒருசார் உண்டு. எனினும் மலைச்சிற்றூர்களில், பருகுமுன் சில துளிகளை நிலமகளுக்கு வார்க்கும் கெச்சுவா உழவனுக்குக் காண்போரும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஆகத்துத் திங்களில் நிலமகளுக்குப் படையலிடும் வழக்கமும் அங்கு அழிந்திலது. பொன் போயிற்று, கூரை போயிற்று, அரசும் போயிற்று. அன்பொடு வார்க்கும் அத்துளி போகவில்லை.

ஆகவே அச்சுற்றினை மேற்கொள்வோர், கல்லின் நிறையையும் மதிலின் உயரத்தையும் கேட்டறிந்ததோடு அமையாது, தம்போமச்சாயின் நீரொலி கேட்கும் இடத்திற் சிறிதுபோழ்து வாய்வாளாது நிற்றல் நன்று. பிறர் தொழும் இடத்தைக் காட்சிப்பொருளாக மட்டும் கண்டு கடப்பது, தாம் தொழும் இடத்தையும் அவ்வாறே காணும் பழக்கத்தை உண்டாக்கிவிடும் என்பதனை அறிஞர் சிந்திப்பாராக.