விளைவித்த கைக்கு முதற்கரண்டி

பழனிமலைச் சரிவிலுள்ள பேத்துப்பாறைக்கு வந்த உறவினரோடு, தன் தோட்டத்து விளைச்சலையே சமைத்துப் பரிமாறும் ஓர் உணவகத்தில் நாம் உண்டோம். தேங்காய்ப்பாலில் வெந்த பட்டர் பீன்ஸ் குழம்பு நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதனை நம் இல்லத்தில் சமைக்க விழைந்து, பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் பீன்ஸும் பூண்டும் கேட்டோம். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய கட்டிலிருந்து நான்கு பூண்டு எடுத்துத் தந்தார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அது.

பூண்டைச் சிவக்க வதக்கி, வெந்த பீன்ஸைச் சேர்த்து, மிளகு தட்டிப் போட்டு, இறுதியில் தலைப்பால் ஊற்றிக் கொதிக்குமுன் இறக்கினோம். முதற்கரண்டி மூதாட்டிக்கு. உண்டவர் சொன்னார்: “நல்ல காயெல்லாம் மூட்டையில போயிரும் சாமி. பூச்சி அரிச்சதுதான் எங்க சட்டிக்கு. இம்புட்டு ருசின்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

நாணினோம். உணவகம் கேட்ட தொகையை மறுபேச்சின்றித் தந்த நாம், அன்று காலை இவரிடம் காய்க்கு விலை குறைத்துக் கேட்டிருந்தோம். மண்ணைப் புகழ்ந்த நமக்கு, அம்மண்ணில் குனிந்த முதுகு தெரியவில்லையே! குறைத்த காசை மாலையில் எடுத்துச் சென்றோம். வாங்க மறுத்தவர், இன்னும் இரண்டு பூண்டை நம் கையில் வைத்து மூடினார்.